இரண்டு மில்லி பிரேக் ஆயில்

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் முழுக்க மேகம், மழை இல்லை, காற்று மட்டும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி நாற்பது மீட்டர் போயிருப்பேன். ஒரு நாய் குறுக்கே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். நாய் போய்விட்டது. பிரேக் விடவில்லை!

சக்கரம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதால் சைக்கிளோடு சேர்ந்து சாலையோரப் புல்லில் உட்கார்ந்தேன். 'விழுந்தீங்க' என்று திருத்துகிறாள் என் மனைவி சரோஜா. முழங்கையில் இரண்டு சிராய்ப்பு, முழங்காலில் ஒன்று. கண்ணாடிக்குச் சேதமில்லை.

பின்னால் எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மொத்தம் ஒன்பது பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கி, வேலை கிடைத்ததும் வீட்டில் போட்டுவிட்டுப் போன மவுண்டன் பைக்குகளை ஓட்டுகிறவர்கள். என்னுடையது மகன் புனேவுக்குப் போகும்போது விட்டுப் போனது. மவுண்டன் பைக் என்று பெயர்தான்... எங்கள் ஊரில் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கிற மலை, மூடிப்போன தங்க மைனின் கழிவு மண்ணைக் கொட்டி வைத்த சயனைட் மேடு!

"இன்னா சார், இறங்கணும்னா கையக் காட்டிட்டு இறங்கக் கூடாதா?" என்றார் ஹார்டுவேர் கடை பாபு. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் சிரிக்கவில்லை – தேவராஜ். அவன் என்னைத் தூக்கிவிடக்கூட வரவில்லை. நேரே சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை.

"என் தப்புப்பா" என்றான்.

தேவராஜ் மைனில் ஃபிட்டராக இருந்தவன். நான் அதே ஷாஃப்ட்டில் ஷிப்ட் ஆபீஸ் கிளார்க். இருவரும் ஸ்கெலட்டன் என்கிற மைன் குடியிருப்புக்காரர்கள். எங்கள் ஒன்பது சைக்கிள்களில் ஏழு ஓடுவது அவன் கையால்தான்.

என் முன் பிரேக்கும் அவன் கைவேலைதான். பிப்ரவரியில் சைக்கிள் சாய்ந்து, படிக்கட்டில் இடித்து, பிரேக் லீவர் உடைந்துபோனது. இந்த வகைப் பிரேக்கில் ஒயர் கிடையாது. லீவரை அமுக்கினால் ஹோஸுக்குள் இருக்கும் ஆயில் போய், கீழே கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வும். பெங்களூரில் மூன்று கடைகளில் விசாரித்தேன். மூன்று பேரும் ஒரே பதில்தான் – லீவர் மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு செட் வாங்குங்கள்.

"எதுக்குப்பா முழு செட்டு? கேலிப்பர் நல்லாத்தானே கீது. லீவர் வேற கம்பெனி போட்டுக்கலாம்" என்றான் தேவராஜ்.

பிரேக் ஆயிற்றே! லீவர் ஒரு கம்பெனி, கேலிப்பர் ஒரு கம்பெனி... நடுவில் என் உயிர்.

ஆனால் மைனின் கடைசி வருடங்களில் ஸ்பேர் வருவது நின்றுபோனபோது, ஒரு பம்ப்பின் உடம்புக்கு இன்னொரு பம்ப்பின் வால்வைப் பொருத்தி, இரண்டும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்தவை போல ஓட வைத்தவன் அவன். பங்காருபேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பிரித்துப் போட்டிருந்த வண்டியிலிருந்து லீவர் வாங்கி வந்தான். மூன்று விஷயம் பார்த்தான். இரண்டு கம்பெனியும் ஒரே ஜாதி ஆயில் கேட்கின்றனவா? ஹோஸ் இரண்டு முனையிலும் சரியாக உட்காருகிறதா? லீவர் தள்ளுகிற ஆயில் கேலிப்பர் பிஸ்டனுக்குப் போதுமா? மூன்றும் சரி. பொருத்தினான்.

நாலு மாதம். ஒரு விரலில் பிடித்தால் நிற்கும். கம்பெனியில் வந்தபோதுகூட அவ்வளவு நன்றாகப் பிடித்ததில்லை.

அதைப் பார்த்துவிட்டு அந்தப் பங்காருபேட்டைக் கடைக்காரர் தேவராஜைக் கூப்பிட்டார். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வாரம் மூன்று நாள் கடையில் வந்து உட்கார முடியுமா? மைன் மூடிய பிறகு இவன் பெங்களூரில் பதினாலு வருடம் செக்யூரிட்டி யூனிஃபார்மில் கேட்டைத் திறந்து மூடியவன். அறுபத்தெட்டாவது வயதில் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லி ஒருவர் வீடு தேடி வந்தால்? இரண்டு புதுச் சட்டை எடுத்துவிட்டான்.

இந்த நிலைமையில்தான் நான் புல்லில் உட்கார்ந்தேன்.

அன்று பத்து மணிக்கு அவன் வீட்டு ஷெட்டில் பிரேக்கைப் பிரித்தான். உள்ளே இருந்த ஆயிலை ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ரோஸ் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டியது, கழுநீர் போலக் கலங்கியிருந்தது.

"தண்ணி பூந்துகீது. ஜாயிண்ட்ட நான் சரியா இறுக்கல" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நடுவுல யாராச்சும் கை வெச்சாங்களா?" என்று கேட்டான்.

"யார் வெக்கப் போறாங்க?" என்றேன்.

கவனியுங்கள்... நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்!

மைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷின் மீது யார் கை வைத்தாலும், கேஜ் என்கிற லிஃப்டில் ஏறி மேலே வந்ததும் ஷிப்ட் புத்தகத்தில் எழுத வேண்டும் – பெயர், மணி, என்ன செய்தான் என்பது. எழுதாவிட்டால் அடுத்த ஷிப்ட்காரன் உயிர் போகும். புத்தகத்தில் இல்லையென்றால் யாரும் தொடவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் புத்தகத்தைப் பத்தொன்பது வருடம் வைத்திருந்தவன் நான். யாரும் தொடவில்லை என்று நான் சொன்னால் தேவராஜுக்கு அதுதான் முடிவு. மறுபடி கேட்கவில்லை.

"திங்கக்கெழம பங்காருபேட்டைக்கு போன் பண்ணி வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றான். "இன்னிக்கு நீ விழுந்தே, புல்லு. நாளைக்கு எவனாச்சும் லாரி எதிர்ல விழுவான். கை போச்சுப்பா எனக்கு."

அவன் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஏன் தெரியுமா? கை வைத்தவன் நான்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதாக எனக்குப் பட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். லீவர் மேலிருந்த சின்ன ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். ஆயில் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. 'பேட் தேயத் தேய ஆயில் இறங்கும், நீ தொடாதே' என்று தேவராஜ் முன்பே சொல்லியிருந்தான். ஆனால் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடி வைக்க முடிகிறதா? ஸ்கூட்டருக்கு வாங்கிய பிரேக் ஆயில் பாட்டில் வீட்டில் இருந்தது. பிரேக் ஆயில் என்றால் பிரேக் ஆயில்தானே? மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் உறிஞ்சி, கனகச்சிதமாக இரண்டு மில்லி விட்டேன்.

சைக்கிளுக்குள் இருந்தது மினரல் ஆயில். ஸ்கூட்டர் ஆயில் வேறு ஜாதி. அது போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் மெல்ல ஊறி உப்பும். பிஸ்டன் போன இடத்திலேயே நிற்கும். லீவர் மூடி மேலேயே 'மினரல் ஆயில் மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. லென்ஸ் வைத்துப் படித்தேன்... விழுந்த பிறகு.

விழுந்த அன்று சாயங்காலம் வீட்டில் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சரோஜா கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு ஸ்கூட்டர் ஆயில் பாட்டில எடுத்துக்கினு சைக்கிள் கிட்ட போனீங்களே, இன்னாத்துக்கு?"

சொன்னேன். மருந்தைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

"போய்ச் சொல்லுங்க."

"எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். தேவராஜ் அண்ணன் மத்தியானம் சோறே துன்னலியாம், அவரு வூட்டுக்காரம்மா சொல்லிச்சு. நீங்க ரெண்டு தடவ துன்னீங்க."

மூன்று தடவை. எண்ணிக்கையில் அவள் எப்போதும் கொஞ்சம் கருணை காட்டுவாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். தேவராஜ் ஸ்பேனர்களைத் துடைத்துப் பழைய ட்ரங்க் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். இருமல் மருந்து பாட்டில் ஜன்னலோரம் அப்படியே இருந்தது. ஒரு நாள் அசையாமல் இருந்ததில் கலங்கல் தெளிந்து, இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. மேலே ரோஸ். கீழே வெளிர் மஞ்சள். இரண்டு ஆயிலும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க, பாட்டில் மேல் என் பெயரை எழுதுவதுதான் பாக்கி.

பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"தேவா, அடியில கீறது தண்ணி இல்ல. ஸ்கூட்டர் ஆயில். நான்தான் ஊத்தினேன்."

பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "எவ்ளோ?"

"ரெண்டு மில்லி."

"என்னிக்கு?"

"ஜூன் இருவத்தெட்டு, சாயங்காலம் அஞ்சே கால்."

"இதெல்லாம் கரெக்டா வரும்! கேட்டப்ப மட்டும் வாய் வராது!" கையிலிருந்த அழுக்குத் துணி என் மூஞ்சியில் வந்து விழுந்தது. அடுத்து ஸ்பேனர் வருமோ என்று ஒரு அடி பின்னால் போனேன்.

வரவில்லை. அவன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"அப்ப ஜாயிண்ட்டு லீக் இல்ல?"

"இல்ல."

"லீவரும் கேலிப்பரும் ஒத்துப் போச்சு?"

"போச்சு. நான்தான் நடுவுல பூந்தேன்."

"ஏ மேரி!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினான். "இங்க வாயேன்! நான் போட்டது சரிதான்! இந்த ஆளுதான் கெடுத்துட்டான்!" என் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக யாரும் அறிவித்து நான் கேட்டதில்லை. மேரியம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு தட்டு. மறுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

திங்கட்கிழமை போன் போகவில்லை. செவ்வாய்க்கிழமை டீக்கடையில் எட்டுப் பேர் முன்னால் முழுக் கதையையும் நான் சொல்ல வேண்டும் என்பது அவன் போட்ட தண்டனை. சொன்னேன். பாபு இடையில் நாலு முறை, "இன்னொரு தடவ அந்த சிரிஞ்சு எடத்த சொல்லு சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்களிலும் வீட்டில் கிடக்கும் மவுண்டன் பைக்கை எடுத்து ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். பாகம் பொருந்தினால் கம்பெனி மாறலாம். ஆயில் மாறக் கூடாது. அதைவிட முக்கியம் – நன்றாக ஓடுவதைக் கவலையோடு திறந்து பார்க்காதீர்கள். திறந்து பார்த்தால் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். வேலை தெரியாதவன் கெடுப்பதைவிட, அக்கறை உள்ளவன் கெடுப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது!

ஆகஸ்ட் முதல் வாரம் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டைக் கடைக்குப் போனேன். சீல் எல்லாம் போய்விட்டதால் பழையது எதுவும் உதவாது. புதுச் சட்டையில் தேவராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இந்த முறையும் லீவர் ஒரு கம்பெனி, கேலிப்பர் ஒரு கம்பெனிதான். ஒன்றரை மணி நேரத்தில் பொருத்தி, பில் புத்தகத்தை எடுத்து எழுதினான். லீவர், கேலிப்பர், ஹோஸ், பேட், ஆயில்... கடைசி வரியில், கூலி நானூறு.

"தேவா, கூலியா? எனக்கா?"

"ஓனர் பாக்கறாரு. பின்னால கஸ்டமர் நிக்கறாங்க சார், சீக்கிரம்."

அவன் வாயிலிருந்து எனக்கு 'சார்' வந்தது அன்றுதான் முதல் முறை. பர்ஸை எடுத்தேன். பேரம் பேசாமல், இரண்டு முறை எண்ணி, கொடுத்தேன் – மூவாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.