இருவர் தொட்ட கோப்பு

ஜப்பாருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். தஞ்சாவூரில் விவசாயிகளுக்கு விதைநெல் கொடுக்கும் அலுவலகத்தில் இருவரும் ஒரே பதவி. விதிமுறைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கணினி வந்ததும் நல்ல பெயர் மட்டும் அவருக்கு.

அவர் கிளம்பும் வாரத்தில் குறுவைப் பதிவுக் கோப்பு கணினியிலிருந்து காணாமல் போனது. தேவையான பழைய கோப்புகளுக்குப் புதிய பட்டியலில் இணைப்புக் கொடுப்பது அவர் வேலை. இணைப்பு இல்லாதவற்றை அழிப்பது என் வேலை.

மேலாளர் என்னை அழைத்தார். "மேல பதில் சொல்லணும் சார். பாய் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ரிலீவ் பண்ணாம நிறுத்திடுறேன்."

நிறுத்தினால் விசா போய்விடும். கேட்கவே இனித்தது. மேலாளர் ஜப்பாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"நான் பாக்கும்போது ஃபைல் இருந்துச்சு சார், அப்புறம்தான் லிங்க் குடுத்தேன்" என்றார் ஜப்பார்.

நானும் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்; அப்போது இணைப்பு இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கணினியில் பார்த்திருக்கிறோம். அவர் இணைப்பதற்குள் நான் அழித்துவிட்டேன்.

"அவர் மேல தப்பில்ல" என்றேன்.

"அப்ப நீங்களா?"

"ரெண்டு பேருமே இல்ல சார். ஒருத்தர் பாத்து, வேலைய முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் அந்த ஃபைலத் தொட முடியாம பூட்டணும். நம்ம சாஃப்ட்வேர்ல அது இல்ல."

வெளியே வந்ததும் ஜப்பார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறக்க மாட்டேண்ணே."

"மொதல்ல போய்ச் சேருங்க பாய்" என்றேன், எரிச்சலாகத்தான்.

நியாயமாக நடந்தால் பொறாமை தீருமென்று நினைத்தேன். அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதும் அது கூடவே வந்தது. அதை வைத்துக்கொண்டும் உண்மையைச் சொல்லலாம் என்பது மட்டும் அன்று தெரிந்தது.