கடலில் திரும்ப விட்ட பாறை மீன்

வீராம்பட்டினத்தில் விவரம் தெரிந்த நாளிலிருந்து மீன் பிடிக்கிறவன் நான். உயிரெடுத்துத்தான் சோறு தின்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மீன்பாடு இல்லாத நாட்களில் ஊர் பார்க்க வருகிறவர்களை என் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு போவேன். அன்றைக்குச் சென்னையிலிருந்து மூன்று பேர், பளபளக்கும் தூண்டில்களோடு வந்தார்கள். பிடிக்கிற மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்களாம். நல்ல மனசுக்காரர்கள் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அதில் ஒருவருக்குப் பெரிய பாறை மீன் மாட்டியது. நானாக இருந்தால் அப்போதே இழுத்துப் போட்டிருப்பேன். அவரோ மீன் படகருகே வந்ததும் தூண்டில் நரம்பைத் தளர்த்தி ஓடவிட்டார். மறுபடி இழுத்தார். மறுபடி விட்டார். "செம்மயா ஃபைட் பண்ணுதுடா!" என்று கூட வந்தவர்கள் குதித்தார்கள். சண்டையாம்! வாயைக் கொக்கி கிழிக்க அது உயிருக்குத் துடிக்கிறது, இவர்களுக்கு அது சண்டை.

"போதும் சார், தூக்கிடலாம். இல்லன்னா அறுத்து வுட்டுடுங்க. செத்துப்பூடும்" என்றேன்.

"டென்ஷன் ஆகாதீங்கண்ணா. நாங்க கொல்ல மாட்டோம்."

ஒருவழியாகத் தூக்கி, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பிறகு பெரிய புண்ணியவான் மாதிரி அதைத் தண்ணீரில் இறக்கி, "பை பை" சொன்னார் அவர்.

மீன் போகவில்லை. வயிறு மேலே தெரிய மல்லாந்து மிதந்தது, செவுள் மட்டும் அசைந்தது. இவர்கள் அதற்குள் அடுத்த இரையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியே விட்டால் அது எவ்வளவு நேரம் கிடந்து சாகுமோ!

மீனைத் தூக்கிப் படகில் போட்டு, உருட்டுக்கட்டையால் தலையில் ஒரே போடு போட்டேன். அடங்கிவிட்டது.

"ஐயோ, எவ்ளோ கொடூரம்ணா!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். படகைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

"என்னண்ணா, எங்களுக்குப் பாடம் எடுக்கறீங்களா? உங்க வலையில மாட்டறது மட்டும் சுகமாவா சாவுது?"

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல சார், அதுவும் மூச்சுமுட்டித்தான் சாவுது. ஆனா நான் மீனு வேணும்னு கடலுக்கு வரேன். நீங்க, அது துடிக்கறது வேணும்னு வரீங்க."