வால் முளைத்த குண்டு

என் அக்காவின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்தவர். அவர் இப்போது வெளிநாட்டில், வுப்பர்டால் நகரில், துவக்குக்காரருக்குப் பை தைக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

அத்தானுக்குச் சப்பாத்துத் திருத்தும் கடையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் க்ரூகர் என்ற கிழவர் அங்கே கிழிந்த தோல் பையொன்றைக் கொண்டுவந்தார். அவருடைய சங்கத்தில் அந்தக் காலத்துத் துவக்குகளைத்தான் சுடுவார்கள். வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். குண்டுகளைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளத்தான் அந்தக் கையளவுப் பை. அத்தான் கிழிசலைத் தைக்காமல் புதிதாகவே ஒன்று செய்து கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

அக்கா அன்ரனிற்றாவுக்குத் தோல் மணம் ஆகாது. "செத்த மாட்டை வீட்டுக்க கொண்டு வராதேங்கோ" என்று அத்தானை நிலக்கீழ் அறையின் ஒரு மூலைக்குத் துரத்திவிட்டாள். பிறகு அந்த மூலையும் அவள் கண்ணை உறுத்தியது. மீன் வைக்கப் பெரிய ஃப்ரீசர் வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் ஆண்டுவிழாப் போட்டிக்குப் பன்னிரண்டு பை கேட்டார்கள். அக்கா ஒரே பேச்சாகச் சொன்னாள்: "பன்னிரண்டில ஒண்டு திரும்பி வந்தாலும் தையல் சாமானெல்லாம் வெளியில போகும். ஃப்ரீசர் உள்ளுக்க வரும். சரியோ?"

"ஓம்" என்றார் அத்தான். அக்காவிடம் அவர் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "கொட்வின், எனக்கெண்டு இருக்கிறது அந்த மூலை மட்டும்தானடா" என்று கண் கலங்கினார். எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது.

தைத்த பையை நனைத்து, உள்ளே எதையாவது திணித்து வைத்தால்தான் அது வயிறு வைக்கும். மற்றவர்கள் மணல் போடுவார்கள். மணல் துவக்குக் குழாயைக் கீறும் என்று க்ரூகர் சொல்லியிருந்தார். அத்தான் யோசித்தார். குண்டின் பருமனில் வீட்டில் என்ன இருக்கிறது? கொண்டைக்கடலை! அக்காவின் அலுமாரியிலிருந்து மூன்று பக்கெற் இறங்கிப் போனது.

அது கேவலார் மாதா திருநாளுக்கென்று அக்கா வாங்கி வைத்திருந்த கடலை. காணவில்லை என்றதும் சந்தேகம் என்னில் விழுந்தது. சனிக்கிழமை நான் அங்கே சாப்பிட்டேனாம்.

"பச்சைக் கடலையை மூண்டு பக்கெற் தின்ன நானென்ன குதிரையோ?" என்று கத்தினேன். அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். அத்தான் பக்கத்திலேயே இருந்து தேத்தண்ணி குடித்தார்.

ஈரத் தோலுக்குள் கடலை ஊறிப் பருத்து, பைகளை முன்னெப்போதும் இல்லாத வடிவில் உருட்டியது. அத்தான் கடலையைக் கொட்டிவிட்டு, பைகளைக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். போட்டதெல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

போட்டியன்று க்ரூகர் தொலைபேசி எடுத்தார். அக்காதான் பேசினாள். கிழவருக்கு எழுபத்தெட்டு வயது. இலக்கைப் பார்க்கும் கண்ணாடி போட்டால் கையில் இருப்பது தெரியாது. பைக்குள் தடவி எடுத்ததை இடித்துச் சுட்டிருக்கிறார். புகை வந்தது, அட்டையில் ஓட்டை இல்லை. அடுத்து எடுத்த குண்டுக்கு வால் முளைத்திருந்ததாம்.

"என்ர கடலையோ?" என்று அக்கா திரும்பினாள். அத்தான் தலை குனிந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "வெளிக்கிடுங்கோ, போய் மன்னிப்புக் கேட்பம்" என்றாள்.

ரோல்ஸ் பொரித்துக்கொண்டு மூவரும் போனோம். மைதானத்தில் பன்னிரண்டு பேர் இடுப்பில் பன்னிரண்டு பை. மூன்று வருடமாக மணத்தை மட்டும் அறிந்திருந்த அக்கா அன்றைக்குத்தான் பையைக் கிட்டப் பார்த்தாள். ஒன்றைக் கையில் வாங்கித் தையலை விரலால் தடவினாள்.

"இவ்வளவும் கையாலயோ?"

"ஓம்."

க்ரூகர் தன் பையை அவிழ்த்து நீட்டினார். அதை வாங்கும்போது அத்தான் அக்காவைப் பார்த்தார். கிழவர் சிரித்தார். திருப்பித் தரவில்லையாம், உள்ளே இன்னும் விளைச்சல் இருக்கிறதா என்று பார்த்துத் தரட்டாம். பதின்மூன்று சூட்டில் நல்ல பத்தைத்தான் கணக்கெடுப்பார்கள், அதனால் கடலைச் சூட்டில் நட்டமில்லையாம்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னாள், "கீழ ஃப்ரீசர்தான் வரும்."

"ஒண்டும் திரும்பி வரேல்லையே..." என்றார் அத்தான்.

"கீழ ஈரம். கடலை முளைக்கும். தையல் மேசையைக் குசினிக்க கொண்டு வாங்கோ."

அத்தான் வெட்கமில்லாமல் அழுதார். எனக்கும் மனம் நிறைந்துதான் போனது, பொய் சொல்லக் கூடாது.

இப்போது அக்காவே ஒரு பைக்கு இருநூறு கடலை எண்ணிப் போட்டு, இருநூறையும் எண்ணி எடுக்கிறாள். செத்த மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னிடம் மட்டும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன கிழமை அக்கா தாளித்த கடலை ஒரு கோப்பை நிறைய வைத்து, "சாப்பிடு தம்பி" என்றாள். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு வாய் நிறையப் போட்டேன்.

தோல் மணத்தது.