முதல் வாளித் தண்ணீர்

முதன்முதலாக வாங்கிய ஆர்க்கிட் கன்றுகளைக் கரியும் தேங்காய்மட்டைத் துண்டுகளும் போட்டுத் தொட்டியில் வைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் வேர்நுனிகள் கறுத்துவிட்டன. நர்சரி அண்ணாச்சியிடம் போனில் புலம்பினேன்.

"தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தியளாம்மா?" என்றார் அண்ணாச்சி.

சிறுவயதில், கடலோர ஆலந்தலை வீட்டில், அம்மா அப்படித்தான் தினமும் கிணற்றின் முதல் வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்ப்பாள். பிறகுதான் நாங்கள் குடிக்கலாம். ஒருநாள் சட்டென்று துப்பினாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லளா."

அன்று மாலையே உப்பேறிய கிணற்றைப் பலகையால் மூடினாள். வாசல் முருங்கை நுனியிலிருந்து கருகியது. அடுத்த மழைக்குள் தெருவில் ஐந்து வீடுகள் காலியாயின. ஆறாவது எங்களுடையது.

கடலைவிட்டு எவ்வளவோ தள்ளி வாங்கிய வீடு இது. போர்வெல் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லளா."