திரைக்குப் பின்னால் இருந்த வெயில்

சூரியன் மறைவதற்கு முன்பே மறைந்துவிட்டது என்று சொல்லி, ஒரு ரமலான் மாலையில் ஓட்டலில் உட்கார்ந்திருந்தவர்களின் நோன்பைக் கெடுத்தவன் நான். அது பிழை. பிழை என்று கண்ணால் பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் பாவம். அந்த நேரத்தில் என் மனைவியின் நோன்பு மட்டும் இன்னும் கெடாமல் இருந்தது. ஒரு சொல்லில் அதைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளுக்கு இதய ஆபரேஷன் ஆகி, இரண்டு ரமலான்கள் நோன்பில்லாமல் போயிருந்தன. சமையலறையில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு, தான் மட்டும் பகலில் மாத்திரைக்காக இட்லி சாப்பிடுவது அவளுக்குப் பெரிய அவமானம். மூன்றாவது வருடம் டாக்டர் சம்மதித்தார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, நோன்பு திறந்ததும் ஒரு மாத்திரை. "இந்த மாசம் மட்டும்தாம்மா. அப்புறம் வெயில் காலத்துல விரதம் கிரதம்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாதத்தின் முக்கால்வாசியைச் சென்னையில் மகன் வீட்டில் கழித்தோம். தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உதடு வறண்டால் பயம், குரல் இறங்கினால் பயம். அவளோ ஒவ்வொரு நாள் முடிந்ததும், "இன்னிக்கும் போட்டாச்சு" என்பாள். ஒன்றுகூட விடாமல் மாதம் முழுவதும் நோற்றுவிட வேண்டும். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு மகன் எங்களைக் காரில் தருமபுரிக்குக் கூட்டிவந்தான். பூட்டிக் கிடந்த வீட்டில் அரிசி பருப்பு இல்லை. பைபாஸில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டல் வாசலில், நோன்பு திறப்பவர்களுக்காக "இஃப்தார் பஃபே" என்று பேனர் கட்டியிருந்தார்கள். "இன்னிக்கு அம்மா அடுப்புப் பக்கமே போவக் கூடாது" என்று சொல்லி மகன் அங்கே அழைத்துப்போனான்.

உள்ளூர் முஸ்லிம்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோதான் நோன்பு திறப்பார்கள். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள். மீதிப்பேர் நோன்பில்லாத ஊர்க்காரர்கள், ஹலீம் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். கண்ணாடி அடைத்த ஏசி கூடம். மேற்குப் பக்கச் சன்னல் முழுக்கக் கனத்த திரை. வெளியே லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பள்ளிவாசலின் பாங்கு எப்படிக் கேட்கும்?

மேனேஜர் காரிமங்கலத்துக்காரர். நான் அங்கே அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தபோது அவருடைய அண்ணன் என் மாணவனாம். நேரே என்னிடம் வந்தார்.

"பாய் சார், நாங்க இது மொத தடவ பண்றோமுங்க. எப்ப சாப்டணும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மகன் என் செல்போனில் போட்டுக்கொடுத்திருந்த தொழுகைநேரச் செயலியைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். சிறிது நேரத்தில் அதிலிருந்து பாங்கு ஒலித்தது. "திறக்கலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பேரீச்சம்பழங்கள் வாய்க்குப் போயின.

அடுத்த மேஜையில் ஓர் இளைஞர், மனைவி, கைக்குழந்தை. அவர் மட்டும் பழத்தைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, என்ற போன்ல இன்னும் நேரம் இருக்குதுங்களே?"

"எங்கிருந்து வர்றீங்க தம்பி?"

"கோயமுத்தூருங்க. பெங்களூரு போறோம்."

"அதான் விசயம். கோயமுத்தூரு நமக்கு மேக்கால இருக்குது. அங்க பொழுது லேட்டாத்தான் எறங்கும். ஒரு டிகிரிக்கு நாலு நிமிசம். நீங்க இங்க வந்துட்டீங்க, உங்க போன் இன்னும் கோயமுத்தூர்லயே ஒக்காந்துக்கிட்டு இருக்குது."

கூடம் சிரித்தது. மேனேஜர் விடவில்லை. "சாரு ஜாக்ரபி வாத்தியாருங்க தம்பி. சூரியனே அவர ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் எறங்கும்."

இளைஞரும் சிரித்துவிட்டார். மனைவிக்கு ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுத் தானும் தின்றார்.

என் மனைவி இன்னும் திறக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துப் பிரார்த்தனை வீண்போகாது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அவள் எப்போதும் கண்ணை மூடிக் கையேந்தி நெடுநேரம் துஆ கேட்டுவிட்டுத்தான் பழத்தைத் தொடுவாள். அதற்குள் அவளுக்குக் கஞ்சி கொண்டுவரலாம் என்று எழுந்து போனேன்.

கஞ்சி அண்டா சன்னலோரமாக இருந்தது. கரண்டியை எடுக்கும்போது என் புறங்கையில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. விளக்கு வெளிச்சம் இல்லை. திரையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக வந்த வெயில். விரலால் விலக்கிப் பார்த்தேன். மலைக்கு மேலே, முழு வட்டமாக, சூரியன் இருந்தது.

ஒரு கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைப் பார்த்தேன். செயலியின் உச்சியில் "சென்னை" என்று இருந்தது. சார்ஜ் வீணாகிறது என்று நான்தான் இருப்பிடம் காட்டுவதை நிறுத்தி வைத்திருந்தேன். சென்னைக்கும் தருமபுரிக்கும் இரண்டு பாகைக்குச் சற்று அதிகம். எட்டு நிமிடத்துக்கு மேல். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போடாத வருடமே இல்லை. அந்த இளைஞரின் போன் தருமபுரியில்தான் இருந்திருக்கிறது. என்னுடையதுதான் சென்னையில் உட்கார்ந்திருந்தது.

மேஜைக்குத் திரும்பினேன். அவள் கண்கள் மூடியே இருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பழம் தட்டில் அப்படியே இருந்தது. "கொஞ்சம் பொறு" என்றால் போதும். மகன் சமோசாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இளைஞர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும்? மேனேஜர் அந்தச் சூரியன் பேச்சை ஊரெல்லாம் எப்படித் திருப்பிச் சொல்வார்? அந்தச் சில நொடிகளில் நான் பயந்தது இதற்குத்தான். அல்லாஹ்வுக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் ஓட்டல் மேனேஜருக்குப் பயந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "என்னாங்க, கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு இப்பிடி நிக்கிறீங்க? கஞ்சி கையில கொட்டுது பாருங்க."

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைக் கடித்தாள். "இன்னிக்கும் போட்டாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நிமிடங்களைப் போல நீளமானவற்றை நான் வாழ்ந்ததில்லை. தட்டில் வடையும் கட்லெட்டும் தர்பூசணியும் இருந்தன. எதை வாயில் போட்டாலும் மண். மேனேஜர் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாய் சார், ஸ்கிரீன தொறந்துடட்டுங்களா? இந்த நேரத்துல மலை சும்மா சூப்பரா தெரியும்."

"வேணாம் வேணாம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "பொம்பளைங்க தொழுவாங்க. மூடியே இருக்கட்டும்."

தொழுகையைச் சாக்காக வைத்துப் பொய் சொன்னேன். போய் அந்தத் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருப்பது தெரிந்தது. துணி வழியாகச் சூடு ஏறுவதுபோல இருந்தது. ஏசி கூடத்தில் அப்படி ஏற வழியில்லை. ஆனாலும் ஏறியது.

அப்போது யாரோ சாலைப் பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். லாரிச் சத்தத்தோடு சேர்ந்து தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு உள்ளே வந்தது.

இளைஞர் தலை நிமிர்ந்தார். போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கைகளைப் பார்த்தேன்.

"இந்தப் பள்ளியில எப்பவும் லேட்டா சொல்லுவாங்க போல" என்றாள் என் மனைவி, வெள்ளை மனதோடு. நான் மறுக்கவில்லை.

இளைஞர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு ஸலாம் சொன்னார். "எங்களுக்காக துஆ செய்ங்க பெரியவரே" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரியாமல் போயிருந்தால் இன்னும் மோசம்.

பெருநாள் அன்று அவளைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒண்ணுகூட வுடல. முழுசா வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் படியேறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயுதான் என்றாள். இவள் இப்படியே போய்விட்டால்? கணக்கில் ஒரு நோன்பு குறையும். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். அங்கே போய் அவள் "முழுசா வச்சேன்" என்று சொல்லும்போது என்னைத்தானே கூப்பிட்டுக் கேட்பார்கள்?

எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போய் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் சிறியவர். "பொழுது சாஞ்சிடுச்சுன்னு நம்பித் தொறந்தவங்க மேல குத்தமில்ல சார். ஆனா அந்த ஒரு நாள அவங்க களா செய்யணும். இன்னொரு நாள் வச்சி ஈடு கட்டணும். அத அவங்களுக்குத் தெரியப்படுத்துறது உங்க மேல கடம. மொதல்ல வூட்ல சொல்லுங்க" என்றார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். திரை, வெயில், போன், அவளுடைய மூடிய கண்கள், எல்லாவற்றையும். அவள் கை நின்றது.

"நான் துஆ கேட்டுக்கிட்டு இருக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப உங்க ஆயுசுக்குத்தாங்க கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "நாளைக்கே வைக்கிறேன்" என்றாள்.

நான் கெஞ்சினேன். சித்திரை வெயில், டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார், மார்கழியில் பகல் குறைவு, குளிர்ச்சியாக இருக்கும், அதுவரை பொறு என்றேன்.

"மார்கழி வரைக்கும் நான் இருப்பேன்னு உங்க போன் சொல்லுச்சா?"

மறுநாள் இருவரும் நோற்றோம். எனக்கும் அந்த நாள் பாக்கிதான். பகல் வெயிலில் முன்வாசல் தகரக் கூரை டம் டம் என்று வெடித்தது. மூன்று மணிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். "வேணாம்மா, தொறந்துடு. முடியாதவங்களுக்கு மன்னிப்பு இருக்குது. நான் சொல்றேன்."

"நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணாமல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பொய் அவளைக் கொல்கிறதோ என்ற பயம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தாள்.

மாலையில் பள்ளிவாசல் பாங்கு தெளிவாகக் கேட்டது. பழத்தைக் கையில் எடுத்தவள், எழுந்து மொட்டைமாடிப் படியை நோக்கி நடந்தாள்.

"பாங்கு சொல்லிட்டாங்களே. எங்க போற? நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"உங்கள அனுப்பி என்ன ஆவறது?"

சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். விழுந்தால் பிடிக்கக் கைகளை நீட்டியபடி பின்னால் ஏறினேன். மேற்கே மலைக்கு மேல் சிவப்பு மட்டும் இருந்தது. நன்றாகப் பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, இந்த முறை கண்ணை மூடாமல் துஆ கேட்டு, பழத்தைக் கடித்தாள். மாத்திரையை நான் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

மகனுக்குப் போனில் சொன்னேன். ஓட்டலுக்கும் போய்ச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். "அட வுடுங்க பாய் சார், எட்டு நிமிசந்தானுங்களே!" அந்தக் கோயமுத்தூர்க் குடும்பம் யார் என்று கேட்டேன். "ரோட்ல போறவங்கள யாருன்னுங்க சொல்றது?" என்றார். அடுத்த ரமலானில் எங்கள் பள்ளிவாசல் நேர அட்டையைக் கூடத்தில் ஒட்டவும், மாலையில் அந்தத் திரையைத் திறந்து வைக்கவும் ஒப்புக்கொண்டார். இரண்டையும் செய்தார். அந்த இளைஞரும் அவர் மனைவியும் தங்கள் ஒரு நாளை ஈடு கட்டினார்களா என்பது எனக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்களில் அவர்கள் இருந்தால், அன்று உங்கள் போன்தான் சரி.

இந்த வருடமும் டாக்டர் விட்டார். அவள் நோன்பு வைத்தாள். நாற்பது வருடமாக வீட்டில் நேரம் கேட்டது என்னைத்தான். இப்போது கேட்பதில்லை. பொழுது சாயும்போது பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மாடிக்குப் போகிறாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். மேற்கைப் பார்த்து அதைப் போடுவதோடு சரி. பொழுதைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.