தகர டப்பா விவகாரம்

ஒரு ராக் இசைக்குழுவின் டிரம்ஸ்காரரைத் தகர டப்பா தட்டுகிறவர் என்று சொன்னதற்காக, என்னைப் பிடித்துக்கொண்டு போக மண்டபம் அகதி முகாமுக்குப் போலீஸ் வந்துவிட்டது என்று நான் முழுமனதாக நம்பினேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி, பெயிண்ட் அடிக்கிற தொழில், ஆயுளில் பாதிக்கு மேல் இந்த நாட்டில் கழித்த அனுபவம், இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நம்பினேன்.

அந்த இசைக்குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். எனக்கு ஒரு சண்டையே போதும். 'பெரியவர்கள்' என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து ராக் ரசிகர்கள் நாற்பது சொச்சம் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அங்கே ஓயாமல் நடப்பது ஒரே வழக்குதான்: இன்ன இசைக்குழு தன் புகழுக்குத் தகுதியானதா, இல்லையா. நான் அதில் 'ரவி, ராமநாதபுரம்' என்று சேர்ந்திருந்தேன். மாவட்டம் சரிதானே, பொய் என்று சொல்ல முடியாது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

உண்மையில் நான் தலைமன்னார்க்காரன். இரண்டு மணி நேரக் கடலைத் தாண்டி வந்து இறங்கியவன். முகாமில் என்னைக் கேட்கிற முதல் கேள்வி பதிவு எண். முகாமுக்கு வெளியே நான் சிலோன்காரர். தலைமன்னாரில் இருக்கும் என் அக்கா போனில் "இந்தியாக்காரர் எப்படி இருக்கிறார்?" என்கிறாள். அந்தக் குழுவில் மட்டும் நான் வெறும் முட்டாள். "ஏலே, உனக்கு இருக்கது காதா, கருவாடா?" என்று தொண்டிக்காரர் ஒருவர் எழுதியபோது சந்தோஷத்தில் அதை நாலு தடவை படித்தேன். முகாம்காரன் என்று தெரிந்தால் அப்படிக் கேட்பாரா? குரலைத் தாழ்த்திப் "பாவம்" என்பார். பாவப்பட்டவனோடு யார் சண்டை போடுவார்கள்? எனக்கு இருந்த ஒரே செல்வம் அந்தச் சண்டை.

அதை நானே கெடுத்தேன். குழுவில் 'டிரம்ஸ்தாசன்' என்று ஒருவர், பெரியவர்களின் பரம பக்தர். மூன்று நாளாக இருவரும் மோதிக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் காலை விரல் கோபத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று குரல்பதிவு அனுப்பினேன். "நான் சொல்லுறதைக் கேளுங்கோ, அந்தாளுக்கு அடிக்கவே தெரியாது, தகர டப்பா தட்டுறார்!" எழுத்தில் நான் ராமநாதபுரம், வாயைத் திறந்தால் தலைமன்னார். போதாததற்கு, பின்னால் முகாமின் ஒலிபெருக்கி, மண்டபம் முகாம் வருகைப் பதிவில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் உடனே அலுவலகத்துக்கு வரும்படி அழைத்துக்கொண்டிருந்தது. அழித்தேன். அதற்குள் இருபது பேர் கேட்டுவிட்டார்கள். குழு ஊமையானது. ஒரு வசவுகூட இல்லை. வசவு வருகிறதா என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சிவம் ஓடிவந்தார். "அண்ணை, உங்களை விசாரிச்சு ஒராள் முகாம் வாசலில நிக்குது. ஒட்ட வெட்டின தலை, பெரிய மீசை, கையில பைல்."

எங்களுக்கு அது போதும். முகாமில் முடி ஒட்ட வெட்டிய அந்நியர் யாரும் வெறுமனே வருவதில்லை. பொய் விலாசம் கொடுத்ததற்கு என் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடப் போகிறார்கள் என்று முடிவுகட்டினேன். மனைவி மலர் பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்து என் கையில் திணித்தாள். பிறகுதான் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, என்ன செய்துபோட்டு நிக்கிறியள்?"

"டிரம்ஸ்காரனை ஏசிப்போட்டன்."

"எந்த ஊர் டிரம்ஸ்காரன்?"

அதற்குள் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன், இத்தனை வருடப் பழக்கத்தில் நாக்கு தானாக ஒப்பித்தது. "பெயர் இரவீந்திரன், தகப்பன் பெயர் கணபதி, சொந்த இடம் தலைமன்னார், இறங்கின இடம் அரிச்சல்முனை மணல்திட்டு, குடும்பத்தில மூன்று பேர், வழக்கு ஒண்டும் இல்லை ஐயா."

அவர் ஓரடி பின்வாங்கினார். "அண்ணே, இதெல்லாம் யாரு கேட்டா? அந்த மனுசன தகர டப்பாங்குனது நீங்கதானா, அதச் சொல்லுங்க."

"ஓம் ஐயா. வாபஸ் வாங்கிறன்."

"வாபஸ் வாங்கவா கமுதியில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன்? நாந்தான் டிரம்ஸ்தாசன். பேரு சேதுராசு, மிளகா வெவசாயம். மன்னிப்புக் கேக்காதீக, பேசுங்க!"

அவர் பைலைத் திறந்தார். உள்ளே பெரியவர்களின் பாட்டு ஒவ்வொன்றிலும் டிரம்ஸ் எங்கே எப்படி விழுகிறது என்று கையால் எழுதிய பக்கங்கள். உட்கார வைத்தேன். அவர் கண் எங்கள் ஒற்றை அறையைச் சுற்றியது: ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கயிற்றுக் கொடி, மூலையில் என் பெயிண்ட் வாளிகள். பைலை மூடினார். போலீஸ் என்று நினைத்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. 'பாவம்' என்று சொல்லிவிடாதே ஐயா என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"அண்ணே, அந்தக் காத்தாடியக் கொஞ்சம் தட்டிவிடுங்க, வேர்க்குது" என்றார். "ஆமா, எத வச்சு டப்பாங்கிறீக?"

சொன்னேன். யுத்த காலத்தில் தலைமன்னாரில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மச்சான் யோகன் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் கேசட் பாடும். அவன் களைத்தால் பாட்டும் களைக்கும். பாடகர் கிணற்றில் விழுந்ததுபோல் குரல் இறங்கும், டிரம்ஸ் டொக்... டொக்... என்று இழுக்கும். பெரியவர்களை நான் முதலில் கேட்டது அப்படித்தான்.

சேதுராசு தொடையில் அடித்துச் சிரித்தார். "அப்ப குத்தம் உங்க மச்சானோடது! டிரம்ஸ்காரன் என்ன செய்வான்?"

"இல்லை. இந்தக் கரைக்கு வந்த பிறகு ராமநாதபுரத்தில ஒரு கடையில சரியான வேகத்தில கேட்டனான். அப்பதான் விளங்கினது, யோகன் சுத்தினது எவ்வளவோ மேல்."

அவர் முகம் சிவந்தது. பைலை விரித்தார். மலர் மூன்று தடவை தேநீர் போட்டாள். நாலாவது தடவை, இரண்டு பேருக்கும் விசர், சரியான பைத்தியங்கள் என்று அறிவித்துவிட்டுச் சிவம் வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தைப் பிடிக்க அவர் எழுந்தபோதும் வழக்கு தீரவில்லை. வாசல்படி இறங்கும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "குழுவுல நீங்க யாருன்னு சொல்லவா, வேணாமா?" சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை அவர் குழுவில் எழுதினார்: "ரவியப் பாத்துட்டு வந்தேன். தலைமன்னார்க்காரரு, மண்டபம் கேம்ப்ல இருக்காரு. டிரம்ஸப் பத்தி ஒரு எழவும் தெரியல." முப்பத்தொரு பேர் கைதட்டினார்கள். பாவம் என்று ஒருவரும் எழுதவில்லை. தொண்டிக்காரர் மட்டும், என் காது எந்தக் கரையில் செய்தது என்று கேட்டு, இரண்டு கரையிலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதினார்.