ஒன்பது கழுத்தும் ஒரு சங்கிலியும்

பலேர்மோவில் நான் வேலை செய்த வீட்டின் மேல்மாடி அறைக்கு, தொண்ணூறுகளின் நடுவில், குளிர்காலம்தோறும் ஒரு ஜெர்மன்காரி வாடகைக்கு வருவாள். லிபெர்த்தா தெருவில் இருந்த அந்த வீட்டில் என் சின்யோராவை, வீட்டுக்காரக் கிழவியை, குளிப்பாட்டி, சமைத்து, மருந்து கொடுத்து முடித்த கையோடு மேலே ஏறி அவளுடைய அறையையும் கூட்டித் துடைக்க வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள். எதைத் தொட்டாலும் வேண்டாம் என்பாள். பிறகு பார்த்தால் மனுசி மூன்று நேரமும் அவித்த முட்டையும் பாணும்தான் சாப்பிடுகிறாள். படம் எடுப்பதுதான் தொழிலாம். தன் நாட்டில் பூட்டிக் கிடக்கிற கடைகளையும் ஆளில்லாத ரயில் நிலையங்களையும் வருடக்கணக்காக எடுத்திருக்கிறாள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோடையில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துத்தான் பிழைப்பு. பூட்டின கடையின் படத்தை எந்த விசரன் சுவரில் மாட்டுவான் என்று எனக்குள்ளே கேட்டுக்கொள்வேன்.

இரண்டாம் வருடம் அவளுக்கு எங்களைப் படமெடுக்க ஆசை வந்தது. வீட்டுவேலை செய்கிற தமிழ்ப் பெண்கள், ஒரே கதவுக்கு முன்னால், ஒவ்வொருவராக, சிரிக்காமல். வேலை உடுப்போடு, இருக்கிறபடியே வரச் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு மாதா கோயிலில் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

இருக்கிறபடியே படத்துக்கு நிற்பதா? எங்களுக்குப் படம் என்றால் தபாலில் ஊருக்குப் போகிற சாமான். கபோ சந்தைப் பக்கம் ஆறு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் நெடுந்தீவுக்காரி ஒருத்தியிடம் மட்டும் ஒரு முறுக்குச் சங்கிலி மிஞ்சியிருந்தது. மற்றவர்களுடையது இத்தாலிக்கு வந்த செலவிலேயே கரைந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் யாருக்குப் படம் வேண்டுமோ அவள் சேலை உடுத்து அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் கப்பலுக்கு முன்னால் போய் நிற்பாள். அடுத்த ஞாயிறு இன்னொருத்தி. ஊரில் உள்ளவர்களுக்கு நாங்கள் எல்லோரும் நன்றாக இருந்தோம்.

எனக்கு அந்தச் சங்கிலி ஊருக்காக அல்ல. என் கணவர் ஜெர்மனியில் அகதியாக இருந்தார். வழக்கு முடியும்வரை அவர் அந்த நகரத்தைத் தாண்ட முடியாது. எனக்கு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, நானும் போக முடியாது. இப்படியே ஏழு வருடம். முதல் கடிதத்திலேயே, என்ன வந்தாலும் தாலிக்கொடியில் கை வைக்காதே என்று எழுதியிருந்தார். மன்னாரில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது கை வைத்தேன். விற்றுக் காசை அனுப்பினேன், தம்பி வீடு வந்து சேர்ந்தான். அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. நெடுந்தீவுக்காரியின் சங்கிலி தூரப் பார்வைக்கு என்னுடையதுபோலவே இருந்ததால், அதைப் போட்டு, முகமும் சரியாகத் தெரியாத தூரத்தில் நின்று எடுத்த படங்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் என்னை விட்டுவிடுவார் என்று பயம். பொய்யோடு படுத்துப் பொய்யோடு எழும்பிக் களைத்துப் போயிருந்தேன்.

ஒன்பது ஞாயிறு, ஒன்பது பேர்: எங்கள் வீட்டு ஆறு பேரும் கோயிலில் பழகின மூன்று பேரும். வாரத்துக்கு ஒருத்தியைத்தான் எடுப்பாள். நாங்கள் சேலையில் வந்து நிற்பதைக் கண்டு முகம் சுளித்தாள், பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டாள். பெட்டிபோன்ற பெரிய கமெராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் வெளியே வர ஒரு யுகம். அதற்குள் எங்களைத் தலைகீழாகப் பார்க்கிறாளாம். அவளுக்கு முகம்தான் முக்கியம், கழுத்தைக் கவனிக்கவில்லை. முடிந்ததும் ஒரு தாளை நீட்டினாள், கையெழுத்து வைத்தோம். கெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், நீட்டுகிற எல்லாத் தாளிலும் வைத்துப் பழகின கை, வாசிக்கவா போகிறது?

அடுத்த குளிர்காலம் ஆள் உயரப் படங்களோடு வந்து, அவற்றைச் சுவரில் வரிசையாகச் சாய்த்தாள். சங்கிலி அறுந்த இடத்தில் நெடுந்தீவுக்காரி பித்தளைக் கம்பியால் கட்டியிருந்த முடிச்சு, ஒன்பது கழுத்திலும் ஒரே இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவளுடைய வேலையைக் கெடுத்துவிட்டோம், ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடமாகத் தேடினது இதுதானாம். ஒரு பெரிய மியூசியம் கேட்டிருக்கிறதாம்.

ஜெர்மனியில் மாட்டினால் என் கணவர் கண்ணில் படுமே. நின்ற நிலையிலேயே தாலிக்கொடி விஷயம் முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். என்னுடையதை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். இரண்டு நாள் யோசித்தாள். எட்டுப் படம் என்றால் அது வேறு படைப்பு, ஒன்றையும் எடுக்கமாட்டேன் என்றாள். ஆனால் உன் கணவருடைய நகரத்தில் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதை நான் சொல்ல வேண்டும். ஆனால் படங்கள் பேர்பெற்ற பிறகு அவள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. மியூசியத்துக்காரர் நகரம் நகரமாகக் கொண்டுபோனார்கள். புத்தகம் வந்தது, அட்டையில் நாங்கள் ஒன்பது பேரும் மூன்று வரிசையாக; எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டாள். அந்த அறைக்கும் பிறகு அவள் வரவில்லை.

கணவர் வியாழக்கிழமைகளில் சின்யோராவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். ஒரு வியாழன் அவர் வழமைபோலச் சுகம் விசாரிக்கவில்லை. வேலைக்குப் போகிற ஸ்டேஷன் சுவரில் எங்கள் ஒன்பது பேரையும், அந்தப் புத்தக அட்டையை அப்படியே, பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள் என்றார். நான் அழத் தொடங்கினேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன், கொடியைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்.

"கொடியை விடு," என்றார். "ஒரு சங்கிலிதான் ஒன்பது பேரிலையும் கிடக்குது எண்டு கண்ட உடனை விளங்கிட்டுது. மூண்டு நாளா அதுக்கு முன்னாலை நிண்டு பாக்கிறன். நீ எது எண்டுதான் தெரியேல்லை."

"மேல்வரிசையில மூண்டாவதோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "கீழ்வரிசை. முதலாவது."